போனைக் குறைக்க நினைக்கும் வீடுகளுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வங்கி, காஸ் புக்கிங், ரயில் டிக்கெட், பிள்ளையின் பள்ளிக்கூடம், துபாயில் இருக்கும் அண்ணன் என்று எல்லாமே போனுக்குள் வந்துவிட்டது. இனி அதைத் தூக்கிப் போடு என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் எதற்காகக் கையில் எடுத்தோம் என்பதே மறந்துபோய், முக்கால் மணி நேரம் கழித்துக் கீழே வைக்கிறோமே, அதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். நண்பர்களும் உறவினர்களும் இது பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தனி ஆளின் வைராக்கியத்தை நம்புவதைவிட, வீட்டின் ஏற்பாட்டை மாற்றுவதும் வீட்டார் கூடிப் பேசி முடிவெடுப்பதும்தான் பலன் தரும் என்பது என் நம்பிக்கை. பதில்கள் எல்லாவற்றிலும் அது இருக்கும்.

போனை எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. எனக்கு மன உறுதி குறைவா?

உங்கள் உறுதியில் கோளாறு இல்லை. எதிர்ப்பக்கம் எவ்வளவு பெரிய ஏற்பாடு இருக்கிறது என்று தெரிந்தால், உங்களை நீங்களே திட்டிக்கொள்வதை நிறுத்திவிடுவீர்கள்.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடியில் 'அடுத்த பக்கம்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தப் போகும் அந்த ஒரு நொடியில், போதும் என்று எழுந்துபோக ஒரு வாய்ப்பு இருந்தது. 2006இல் ஏஸா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர், பக்கம் முடியாமல் கீழே வந்துகொண்டே இருக்கும் முறையை உருவாக்கினார். படிப்பவருக்கு ஒரு கிளிக் மிச்சமாகட்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். அது உலகம் முழுக்க என்ன செய்தது என்று பார்த்தபிறகு, அவரே அதற்காக வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். இன்று ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் நம் விரல் நிற்காமல் போவது அந்த நிறுத்தம் காணாமல் போனதால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1950களில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் சோதனைகள் செய்தார். எத்தனையாவது கொத்துக்குத் தானியம் விழும் என்று தெரியாதபோதுதான் புறா மிக வேகமாகவும் விடாமலும் கொத்தியது. சூதாட்ட இயந்திரங்கள் இந்த அடிப்படையில்தான் வேலை செய்கின்றன. பத்து வீடியோ சுமாராக இருக்கும், பதினோராவது வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும். அது எப்போது வரும் என்று தெரியாததால் விரல் தள்ளிக்கொண்டே போகிறது. பயனுள்ள வீடியோ ஒன்றும் கிடைக்காத நாளில்தான் அதிக நேரம் பார்த்திருப்போம், கவனித்துப் பாருங்கள்.

எதிரே இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது, 'நாளையிலிருந்து குறைச்சுக்கறேன்' என்ற சபதம் ரொம்ப நாள் தாங்காது. நம் பக்கத்திலும் ஒரு ஏற்பாடு வேண்டும்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

பெரியவர்களுக்கு இத்தனை மணி நேரம் என்று மருத்துவ உலகம் ஒப்புக்கொண்ட ஒரே அளவு கிடையாது. உணவு டெலிவரி செய்யும் தம்பியின் போனில் மேப் மட்டுமே பத்து மணி நேரம் ஓடும். கண் தெரியாத ஒருவருக்குப் போன்தான் வாசித்துக் காட்டுகிறது. மகள் வெளியூரில் இருந்தால் ஒரு மணி நேர வீடியோ காலில் என்ன தப்பு?

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு, அந்த நேரம் எதிலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். தூக்கத்திலிருந்தா, நடைப்பயிற்சியிலிருந்தா, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசவேண்டிய நேரத்திலிருந்தா? போனை வைத்த பிறகு மனம் எப்படி இருக்கிறது என்பதையும் பாருங்கள். சமையல் வீடியோ பார்த்துவிட்டு எழுந்து அதைச் செய்துபார்த்தால் அது நல்ல அரை மணி நேரம். அதே அரை மணி நேரம் யாரோ ஒருவர் வீட்டுச் சண்டையைப் பார்த்துவிட்டு எரிச்சலோடு எழுந்தால், அந்த எரிச்சல் அடுத்த காரியத்திலும் தொடரும்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'டிஜிட்டல் வெல்பீயிங்', ஐபோனில் 'ஸ்க்ரீன் டைம்' என்று இருக்கும். இரண்டும் 2018இல் வந்தவை. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை போனைத் திறந்தோம் என்று அவை காட்டும். ஒரு வாரம் சும்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள், எதையும் மாற்றவேண்டாம். மொத்த நேரத்தைவிட, திறந்த எண்ணிக்கைதான் பலரைத் திடுக்கிட வைக்கும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

படுக்கும் இடத்திலிருந்து. ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்: சார்ஜரைக் கழற்றி, படுக்கையிலிருந்து எழுந்து நடந்துபோனால்தான் எட்டும் இடத்தில் மாட்டுங்கள். ஹாலில் டிவி ஸ்டாண்ட், ஃபிரிட்ஜின் மேல், சமையலறை ஷெல்ஃப், எங்கே பிளக் இருக்கிறதோ அங்கே. ஒற்றை அறையில் எல்லோரும் படுக்கும் வீடாக இருந்தாலும் கைக்கு எட்டாத மூலை ஒன்று இருக்கும்.

ஏன் இங்கிருந்து? இரவு பத்தரைக்கு நம் உறுதி மிகக் குறைவாக இருக்கும். நாள் முழுக்க வேலை, பிள்ளைகள், கடன், மாமியார் மருத்துவம் என்று ஓடியபிறகு கிடைக்கும் ஒரே 'என் நேரம்' அதுதான் என்று பலர், குறிப்பாகப் பெண்கள் சொல்கிறார்கள். அதை நான் புரிந்துகொள்கிறேன். அந்த நேரத்தை அவர்களிடமிருந்து யாரும் பறிக்கக்கூடாது. ஆனால் போன் அதைப் பகலிலிருந்து எடுப்பதில்லை, தூக்கத்திலிருந்து எடுக்கிறது. 2017இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ரீட் ஹேஸ்டிங்ஸ், முதலீட்டாளர்களிடம் பேசும்போது தாங்கள் போட்டியிடுவது தூக்கத்தோடு என்றே சொன்னார். இரவு மட்டுமே 'என் நேரம்' என்று சொல்லும் பெண்ணின் வீட்டில் மாறவேண்டியது வேலைப் பங்கீடு. சாப்பிட்ட பாத்திரத்தைக் கணவரோ மகனோ கழுவினால், அவருக்கு அந்த அரை மணி நேரம் எட்டரைக்கே கிடைத்துவிடும்.

'அலாரத்துக்கு போன் வேணுமே' என்பார்கள். ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். 'ராத்திரி ஊரிலிருந்து அவசரமா அழைச்சா?' என்பது நியாயமான பயம், வயதான பெற்றோர் இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம். ரிங் சத்தத்தைக் கூட்டி ஹாலில் வையுங்கள், கேட்கும். 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டாலும் குறிப்பிட்ட சிலரின் அழைப்பும், அடுத்தடுத்து இரண்டாம் முறை வரும் அழைப்பும் ஒலிக்கும்படி வைத்துக்கொள்ளலாம்.

இதனால் காலையும் மாறும். கண் விழித்தவுடன் ஊரில் நடந்த விபத்தையும் ஆபீஸ் மெசேஜையும் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போவதற்கும், காபி குடித்துவிட்டு அவற்றைப் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாமா?

மனிதர்கள் உங்களைத் தேடி அனுப்புவதை வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் தானாக அனுப்புவதை நிறுத்துங்கள். அழைப்பு, நேரடியாக வரும் மெசேஜ், வங்கியின் எஸ்எம்எஸ், ஓடிபி இவை போதும். 'உங்கள் கார்ட்டில் சட்டை காத்திருக்கிறது', 'இன்று பிரியாணிக்கு ஆஃபர்', 'நீங்கள் அறிந்திருக்கக்கூடியவர்' எல்லாம் வெளியே.

கவனம் எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற பேராசிரியர் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார். 2004 வாக்கில் கணினியில் வேலை செய்பவர்கள் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் தங்கினார்கள். சமீப ஆண்டுகளில் அது 47 வினாடியாகக் குறைந்துவிட்டது. வெளியிலிருந்து வரும் ஒலியால் மட்டும் இது நடக்கவில்லை. பழகிப்போய் நாமே நம்மைக் குறுக்கிட்டுக்கொள்வதும் பெரிய பங்கு என்கிறார் அவர். ஆகவே சத்தத்தை நிறுத்திய முதல் சில நாட்கள் நீங்களாகவே போனை எட்டி எட்டிப் பார்ப்பீர்கள். அது அடங்க நாளாகும்.

யூடியூபில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். பார்த்த வரலாற்றையும் அழித்து நிறுத்திவைத்தால், முகப்பில் பரிந்துரைகளே வராது, தேடும் பெட்டி மட்டும் இருக்கும். 2023இலிருந்து இப்படித்தான். எதைப் பார்க்க வந்தோமோ அதைத் தேடி, பார்த்துவிட்டுப் போகலாம். இத்தனை எளிமையான, இத்தனை பலன் தரும் இன்னொரு செட்டிங்கை நான் பார்த்ததில்லை.

வாட்ஸ்அப் குரூப்புகள்தான் என் பிரச்சினை. விலகினால் கோபித்துக்கொள்வார்களே?

நம் ஊரில் இதுதான் மிகப் பெரிய விஷயம். குடும்பக் குரூப், அம்மா வழிக் குரூப், பத்தாம் வகுப்பு பேட்ச், அப்பார்ட்மெண்ட், பிள்ளையின் வகுப்பு, ஆபீஸ், ஆபீஸில் மேனேஜர் இல்லாத இன்னொரு குரூப், கோயில் கமிட்டி, சீட்டு. இவற்றில் ஒவ்வொன்றும் ஓர் உறவு. சித்தப்பா போட்ட 'இனிய காலை வணக்கம்' படத்துக்குக் கைகூப்பும் அடையாளம் போடாவிட்டால் அவர் மனம் நோகும் என்பது உண்மைதான். ஆகவே எல்லாவற்றிலிருந்தும் வெளியேறு என்ற அறிவுரை இங்கே செல்லாது.

குரூப்புகளை மூன்றாகப் பிரியுங்கள். பதில் சொல்லியே ஆகவேண்டியவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அவற்றை மட்டும் ஒலிக்க விடுங்கள். ஒரு நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பவற்றை 'ஆல்வேஸ்' என்று மியூட் செய்து ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள். புது மெசேஜ் வந்தாலும் அவை மேலே வராது, நீங்கள் போனால்தான் உண்டு. மூன்றாவது வகை, ஏன் இருக்கிறோம் என்றே தெரியாதவை. அவற்றிலிருந்து விலகுங்கள். 2022இலிருந்து, ஒருவர் விலகினால் அட்மின்களுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், குரூப் முழுக்கப் போகாது. இனி யார் வேண்டுமானாலும் உங்களைக் குரூப்பில் சேர்ப்பதையும் தடுக்கலாம். பிரைவசி பகுதியில் 'குரூப்ஸ்' என்று இருக்கும், அதில் உங்கள் காண்டாக்ட்டில் இருப்பவர்கள் மட்டும் என்று வையுங்கள்.

நீல டிக்கை அணைப்பதைப் பற்றிக் கேட்பார்கள். தனி மெசேஜ்களில் அணைத்துவிட்டால், 'பார்த்துட்டு ஏன் பதில் இல்லை' என்ற கேள்வி குறையும். உங்களுக்கும் மற்றவரின் டிக் தெரியாது, அது இன்னும் நல்லது. குரூப்புகளில் மட்டும் இது வேலை செய்யாது.

சித்தப்பாவுக்கு என்ன செய்வது? வாரத்துக்கு ஒருமுறை அவரை போனில் அழையுங்கள். பத்து நிமிடம் பேசினால், அந்த வாரம் முழுக்க அவர் போட்ட படங்களுக்கு நீங்கள் பதில் போடாதது அவருக்கு நினைவிலேயே இருக்காது.

ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ் மெசேஜ் வருகிறது. என்ன செய்ய?

பிரான்ஸில் 2017 ஜனவரியிலிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமைக்குச் சட்டத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். நம் மக்களவையில் சுப்ரியா சுலே இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. சட்டம் வரும்வரை, வேலை பறிபோகும் பயத்தில் இருப்பவரிடம் 'எடுக்காதே' என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவசரம் என்றால் அழையுங்கள், மெசேஜை காலையில் பார்க்கிறேன் என்று குழுவுக்குள் பேசி வைப்பது. மெசேஜ் அனுப்புவது சுலபம், பத்து மணிக்கு ஒருவரை அழைப்பதற்கு யாரும் யோசிப்பார்கள். நீங்களே மேலதிகாரி என்றால் பொறுப்பு இன்னும் அதிகம். இரவில் தோன்றியதை எழுதி வைத்துக்கொண்டு காலை ஒன்பதுக்கு அனுப்புங்கள். நீங்கள் 'மெதுவா பாருங்க' என்று சேர்த்து அனுப்பினாலும், கீழே வேலை செய்பவர் உடனே பார்ப்பார்.

வீட்டில் நான் ஒருவர் மட்டும் முயன்றால் போதுமா?

போதாது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்தில் இருக்கும் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற ஊர். கரும்பு விளையும் பகுதி, மூவாயிரம் பேர் அளவில் வாழும் சின்ன ஊர். கொரோனா காலத்தில் பாடம் எல்லாம் ஆன்லைனில் நடந்தது, பிள்ளைகள் கைக்கு போன் வந்தது. பள்ளி திறந்தபிறகும் அது கையை விட்டுப் போகவில்லை. பெரியவர்களும் டிவி, போன் என்று உட்கார்ந்துவிட்டார்கள். ஊராட்சித் தலைவர் விஜய் மோஹிதே ஊர்ப் பெண்களின் கூட்டத்தில் இதைப் பேசி, 2022 ஆகஸ்ட் 15 முதல் ஒரு நடைமுறையைக் கொண்டுவந்தார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலில் இருந்து சைரன் ஒலிக்கும். ஊரே டிவியையும் போனையும் அணைக்கும். எட்டரைக்கு மறுபடி சைரன், அப்புறம் வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடி ஊழியர்களும் ஊராட்சி ஊழியர்களும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் பிள்ளைகள் படித்தார்கள், எழுதினார்கள். பெரியவர்கள் வாசித்தார்கள், பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்த அம்சம், அது எல்லோரையும் கட்டுப்படுத்தியது என்பதுதான். அதே ஆண்டு நவம்பரில், அதே மாநிலத்தில் யவத்மால் மாவட்டத்து பான்சி என்ற ஊரில், 18 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் போன் பயன்படுத்தக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அக்கறை ஒன்றுதான். ஆனால் அப்பா ரீல்ஸ் பார்த்துக்கொண்டே மகனிடம் 'படிடா' என்றால் அது மகன் காதில் ஏறாது. வட்காவ் செய்தது வேறு. அங்கே ஏழு மணிக்கு மகனுக்கும் அப்பாவுக்கும் ஒரே சட்டம். பக்கத்து வீட்டிலும் டிவி ஓடாததால், நாம் மட்டும் எதையோ இழக்கிறோம் என்ற எண்ணமும் வராது.

உங்கள் வீட்டுக்கு சைரன் தேவையில்லை. ஏழரை முதல் எட்டரை வரை, அல்லது இரவுச் சாப்பாட்டு நேரம் மட்டும், எல்லாப் போனும் ஒரு கூடையில். தாத்தாவுடையதும் அதில்தான். நேரத்தைப் பிள்ளைகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அவர்கள் சொன்ன நேரத்தை அவர்களே உங்களுக்கு நினைவூட்டுவார்கள். மீறினால் தண்டனை, காசு என்று போகாதீர்கள். வீடு போலீஸ் ஸ்டேஷனாகிவிடும்.

நம்மால் முடியாதா என்றால், ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 2018 முதல் போன் கொண்டுபோக முடியாது. 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் போனுக்குத் தடை கொண்டுவரச் சொன்னது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போகிறோம். ஒரு மணி நேரம் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. எல்லோரும் வைத்துவிட்டுப் போவதால் நமக்கும் கஷ்டமாக இல்லை.

குழந்தை போனைக் காட்டினால்தான் சாப்பிடுகிறது. நிறுத்த முடியுமா?

முடியும், ஆனால் சில நாட்கள் வீடு முழுக்கத் தாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, இரண்டு வயது நிறையும் முன் திரை வேண்டாம். இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இரண்டு வயதுக்குள் திரை வேண்டாம் என்றே சொல்கிறது, உறவினர்களோடு வீடியோ காலில் பேசுவதை மட்டும் விலக்காக வைத்திருக்கிறது. ஆகவே சிங்கப்பூரில் இருக்கும் பாட்டியிடம் பேசுவதற்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். திரையைப் பார்க்கும் குழந்தை வாயைத் திறக்கிறது, விழுங்குகிறது. என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்று அதற்குத் தெரிவதில்லை. பசி, நிறைவு என்ற இரண்டையும் உணரப் பழகவேண்டிய வயதில் அது தவறிப்போகிறது. ஒரு கிண்ணம் முழுக்க உள்ளே போனது நமக்குத் திருப்தியாக இருக்கும், ஆனால் அந்தக் கிண்ணத்தின் அளவு நாம் முடிவு செய்தது.

ஒரே நாளில் மூன்று வேளையும் நிறுத்தாதீர்கள். வீட்டில் ஆட்கள் இருக்கும், அவசரம் இல்லாத ஒரு வேளையில் தொடங்குங்கள். குழந்தையை உங்களோடு உட்கார வைத்து, கொஞ்சமாகப் பரிமாறி, அதுவே பிசைந்து சிந்திச் சாப்பிடட்டும். அழும். குறைவாகச் சாப்பிடும். அடுத்த வேளை பசியோடு வரும். ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு ஓரிரு வேளை குறைவதால் ஆபத்தில்லை. எடை குறைவாக இருந்தாலோ வேறு நோய் இருந்தாலோ குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் உண்மையான சிக்கல் குழந்தை இல்லை. 'பிள்ளை பட்டினி கிடக்குதே, ரெண்டு நிமிஷம் போட்டுக் காட்டினா என்ன' என்று பாட்டி மனம் இளகுவார். அவரைக் குறை சொல்லாதீர்கள். முன்பு அவரே நிலாவையும் காக்காவையும் காட்டி ஊட்டியவர்தான். அந்த வேலையை அவரிடமே திரும்பக் கொடுங்கள்.

ஹோம்வொர்க்கே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. பள்ளிப் பிள்ளையிடம் போனை எப்படி மறுப்பது?

ஹோம்வொர்க்கைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், செய்வதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பார்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை வையுங்கள். பிள்ளைக்கென்று தனி போன் வாங்கித் தருவதை எவ்வளவு தள்ளிப் போட முடியுமோ அவ்வளவு தள்ளிப் போடுங்கள். வீட்டுப் போன் என்றால் அது ஹாலிலேயே இருக்கும். பெற்றோர் கூட்டத்தில், இரவு ஏழு மணிக்குப் பிறகு குரூப்பில் வீட்டுப்பாடம் போடவேண்டாம் என்று நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால் பல ஆசிரியர்கள் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கும் அந்த குரூப் தலைவலிதான்.

பதின்ம வயதில் தடை மட்டும் பலிக்காது. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்தியது. அங்கே பொறுப்பு பிள்ளைகள்மீதோ பெற்றோர்மீதோ சுமத்தப்படவில்லை, நிறுவனங்கள்மீது வைக்கப்பட்டது. அந்தத் திசை எனக்குச் சரியாகப் படுகிறது. நம் வீட்டில் செய்யக்கூடியது, என்ன பார்க்கிறாய் என்று விசாரணை இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது. எந்த மெசேஜ் வந்தாலும், யார் மிரட்டினாலும் அம்மாவிடம் சொல்லலாம், போனைப் பிடுங்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை பிள்ளைக்கு வேண்டும். பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தால்தான் பல பிள்ளைகள் ஆபத்தை மறைக்கிறார்கள்.

அப்பா அம்மா நாள் முழுக்க யூடியூப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

சொல்வதற்கு முன், அவர்களுக்கு வேறு யார் துணை என்று யோசியுங்கள். பிள்ளைகள் வெளியூரில், முழங்கால் வலி, தெருவில் பழைய ஆட்கள் இல்லை. போன்தான் பேசுகிறது. அதைப் பிடுங்கினால் மிஞ்சுவது வெறும் சுவர். ஆகவே குறைக்கச் சொல்வதைவிடச் சேர்க்கச் சொல்லுங்கள்: மாலையில் பார்க் வரை நடை, பக்கத்துத் தெரு நூலகம், பேரனுக்கு தினமும் ஒரு கதை, அதை போனிலேயே சொல்லட்டும்.

எச்சரிக்கை வேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, சர்க்கரையை ஒரே வாரத்தில் குணமாக்கும் கஷாயம் போன்ற வீடியோக்கள். அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், கேலி செய்தால் மறைப்பார்கள். 'அடுத்த தடவை டாக்டர்கிட்ட இதைக் காட்டிக் கேட்போம்பா' என்று சொல்லுங்கள். இரண்டாவது, பண மோசடி. போலீஸ், சிபிஐ என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டுவது, கேஒய்சி முடியப்போகிறது என்பது, பார்சலில் போதைப்பொருள் என்பது. எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்யாது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் அழைக்கவேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். திட்டு விழும் என்று பயந்து சொல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம்.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா?

கண் சோர்வுக்காக என்றால் தேவையில்லை. 2023இல் காக்ரேன் அமைப்பு அதுவரையிலான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சாதாரணக் கண்ணாடியைவிடக் கண் சோர்வைக் குறைப்பதில் இவற்றுக்குப் பெரிய பலன் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் இமைப்பது குறைந்துவிடுகிறது, அதனால்தான் எரிச்சல். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது வினாடி பாருங்கள்.

'டோபமைன் டீடாக்ஸ்' என்கிறார்களே?

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் குறைப்பதாகச் சொல்லி, சில நாட்கள் போனை ஒதுக்கி வைப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டோபமைன் விஷமல்ல, வெளியேற்றுவதற்கு. அது இல்லாவிட்டால் கை கால் அசைப்பதே சிரமமாகிவிடும். பார்க்கின்சன் நோயில் அதுதான் நடக்கிறது. ஒரு வாரம் போனை ஒதுக்கி வைப்பது நல்ல ஓய்வாக இருக்கலாம். ஆனால் எட்டாம் நாள் அதே போன், அதே செட்டிங், அதே படுக்கைக்கு வந்தால் பழக்கமும் பின்னாலேயே வரும்.

பேசாமல் பட்டன் போனுக்கு மாறிவிடலாமா?

முடிந்தவர்கள் மாறலாம். பணம் அனுப்புவதற்குக் கூட, 2022இல் வந்த யூபிஐ 123பே வழியாகப் பட்டன் போனிலேயே வழி இருக்கிறது. ஆனால் வங்கி ஆப், மேப், கடையில் க்யூஆர் கோடு என்று பழகியவருக்குச் சிரமம்தான். நடுவழி ஒன்று உண்டு: இழுக்கும் ஆப்களை மட்டும் போனிலிருந்து எடுத்துவிட்டு, வேண்டும்போது கணினியில் பார்ப்பது. ஃபேஸ்புக்கையோ இன்ஸ்டாகிராமையோ உட்கார்ந்து, பாஸ்வேர்டு போட்டுத் திறக்கவேண்டும் என்றால் அங்கே ஒரு யோசனை வரும். போனைக் கறுப்பு வெள்ளையாக்கி வைப்பதும் சிலருக்கு உதவுகிறது, நிறம் போனால் பாதி கவர்ச்சி போய்விடும்.

இது வெறும் பழக்கமா, சிகிச்சை தேவைப்படும் நிலையா என்று எப்படித் தெரியும்?

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் வீடியோ கேம் அடிமைநிலையைச் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. ரீல்ஸ் பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை, ஆனால் அறிகுறிகளைப் புரிந்துகொள்ள அந்த அளவுகோல் உதவும்: நிறுத்த நினைத்தும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதற்கே முதலிடம், கெடுதல் வந்தபிறகும் தொடர்வது, இவற்றால் படிப்போ வேலையோ உறவோ பெரிதாகப் பாதிக்கப்படுவது. பொதுவாக ஒரு வருடமாவது இப்படி நீடிக்கிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். ஒருவர் அதிகம் விளையாடுகிறார் என்பதற்காக மட்டும் நோயாளி ஆகிவிட மாட்டார்.

மனச்சோர்வோ பதற்றமோ அடியில் இருந்து, அதிலிருந்து தப்பிக்கப் போனுக்குள் போகிறவர்களும் நிறைய. அங்கே போனைப் பிடுங்குவது காயத்தை விட்டுக் கட்டை அவிழ்ப்பது போல ஆகிவிடும். பெங்களூருவில் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் என்ற தனிப் பிரிவு இயங்குகிறது. அவ்வளவு தூரம் போகமுடியாதவர்கள் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற எண்ணில் இலவசமாக, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

ஆன்லைன் ரம்மி போன்ற பண விளையாட்டு என்றால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் அவசரச் சட்டமும் 2023இல் சட்டமும் கொண்டுவந்தது, 2025 ஆகஸ்டில் பணம் வைத்து விளையாடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் சட்டத்துக்கு வெளியே இயங்கும் ஆப்கள் இருக்கின்றன, அவற்றின் லிங்க் டெலிகிராமில் சுற்றுகிறது. கடன் ஆப்பில் வாங்கி விளையாடி, அதை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்கும் கட்டத்தில் இருப்பவர் வெட்கத்தால் வீட்டில் சொல்ல மாட்டார். அவரிடம் கணக்குக் கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றைக்கே 14416க்கு அழையுங்கள். கடன் ஆப் ஆட்கள் படத்தைப் பரப்புவோம் என்று மிரட்டினால், அந்த மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930லும் உள்ளூர்க் காவல் நிலையத்திலும் புகார் கொடுங்கள்.